அச்சத்தின் ஒலியடுக்கு: மாணவர் திகில் பட முன்னோட்டத்திற்கு இசை தேர்தலும் அடுக்குதலும் – சுங்கை பினாங்கை முன்வைத்து

முன்னுரை

திரைப்பட முன்னோட்டத்தின் பணி, படத்தைக் காணவேண்டும் என்னும் வேட்கையைப் பார்ப்போர் உள்ளத்தில் எழுப்புவதாகும். திகில் படத்தைப் பொறுத்தவரை அவ்வேட்கை அச்சத்தின் வழியாகவே எழுப்பப்படுகின்றது. அச்சத்தை எழுப்புவதில் காட்சியைக் காட்டிலும் ஒலிக்கே பங்கு மிகுதி. ஒலியை நிறுத்திவிட்டுத் திகில் முன்னோட்டம் ஒன்றைப் பார்ப்போர் இதனை எளிதில் உணர்வர். இருட்டான கூடமும் திறந்து கிடக்கும் கதவும் ஒலியின்றி வெறும் கூடமாகவும் கதவாகவுமே நிற்கும்.

இன்று கைப்பேசி கொண்டு படம் பிடித்து, வீட்டுக் கணினியிலேயே தொகுத்து முடிக்கும் வாய்ப்பு மாணவர்க்கு வாய்த்துள்ளது. இசைக்கு மட்டும் பெரும்பாலோர் ஆயத்த ஒலித்தொகுப்புகளையே நாடுகின்றனர். திடீர் இடியோசை, கீச்சிடும் வயலின், குழந்தையின் இசைப்பெட்டி ஆகியவை அத்தொகுப்புகளில் மிகுதி. அவை உலகெங்கும் ஒன்றே. ஆதலால் கதை பினாங்குத் தீவில் நிகழ்ந்தாலும் அதன் அச்சம் வேறெங்கோ பனி சூழ்ந்த மாளிகையில் நிகழ்வதுபோல் ஒலிக்கின்றது. இக்குறையை உணர்ந்து நம் இசைக்குத் திரும்பும் மாணவர் சிலர், உறுமியையும் பறையையும் எடுத்துப் பேய்க்காட்சியின்மீது வைத்துவிடுகின்றனர். இதனால் வேறொரு சிக்கல் எழுகின்றது. அக்கருவிகளை இசைப்போரின் மதிப்பு இங்குக் கேள்விக்குள்ளாகிறது.

ஆகவே, முன்னோட்டத்திற்கான இசையை எவ்வாறு தேர்ந்து அடுக்குவது, யாருடைய ஒலியை அச்சத்தின் ஒலியாக்குவது என்னும் இரு வினாக்களையும் ஒருசேர ஆராய்தல் வேண்டும். சுங்கை பினாங் ஆற்றோரத்தைக் கதைக்களமாகக் கொண்ட, 90 நொடி நீளமுள்ள ஒரு கற்பனை முன்னோட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றை நாம் ஆராய்வோம்.

மெய்ப்பாட்டியலில் அச்சம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கனைக் கூறுகின்றது. இந்நான்கும் தத்தம் அளவில் வேறுபட்டவை. விலங்கும் கள்வரும் கண்ணால் காணத்தக்கவர். அவர்தம் வருகையை ஒலி முன்னறிவிக்கும். இறைவனாகிய அரசனை அஞ்சுதல் அவனது அதிகாரத்தை அஞ்சுதலாகும். அணங்கு மட்டுமே காணவும் இயலாது, தடுக்கவும் இயலாது வருத்துவது. திகில் படங்கள் பெரிதும் பற்றி நிற்பது இவ்வணங்கையே. காண இயலாத ஒன்றைத் திரையில் உணர்த்தச் செவிப்புலனே தக்க வாயில் என்பது வெளிப்படை.

மெய்ப்பாடுகள் ஒன்றோடொன்று தொடர்ந்து வருதலும் கருதத்தக்கது. மருட்கைக்குரிய களன்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியன கூறப்படுகின்றன. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன களன்கள். சிறந்த திகில் முன்னோட்டம் அச்சத்தில் தொடங்குவதில்லை. ஏதோ ஒன்று வழக்கத்திற்கு மாறாக இருக்கின்றது என்னும் மருட்கையில் தொடங்கி, அச்சத்தில் ஏறி, பெரும்பாலும் ஓர் இழவின் நிழலில் முடிகின்றது. மிஷ்கின் இயக்கிய ‘பிசாசு’ (2014) படத்தில் அரோல் கொரேலியின் இசை வயலினை முதன்மையாகக் கொண்டு, பேயின்பால் இரக்கத்தையும் அச்சத்தையும் ஒருங்கே எழுப்பியமை இதற்குத் தக்க சான்று. மாணவர் முதலில் வகுக்க வேண்டியது இம்மெய்ப்பாட்டு வரிசையையே. இன்ன நொடியில் இன்ன மெய்ப்பாடு என்று தாளில் எழுதிய பின்னரே இசையைத் தேடத் தொடங்குதல் நன்று.

கருப்பொருளாகிய ஒலி

தொல்காப்பியம் கருப்பொருள்களைக் கூறுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்துக் கூறுகின்றது. ஒரு நிலத்தின் ஒலி அந்நிலத்தின் பொருளேயாகும் என்னும் இக்கொள்கை ஒலியமைப்பாளர்க்குப் பெரிதும் பயன்படுவது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, பாலைக்குத் துடி, நெய்தலுக்கு விளரி யாழ் என உரையாசிரியர் வகுத்த வகுப்பைப் பட்டியலாக மட்டும் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். தாம் வாழும் இடத்திற்குரிய பறை எது, யாழ் எது என்று வினவும்போது அப்பட்டியல் உயிர்பெறுகின்றது.

சுங்கை பினாங், ஜார்ஜ் டவுனின் தெற்கே பினாங்கு ஆற்றை ஒட்டிய பகுதி. தீவின் முதன்மையான ஆறாகிய இது ஆயர் ஈத்தாம், ஆயர் தெர்ஜுன் ஆகிய கிளையாறுகளின் நீரைப் பெற்றுக் கிழக்குக் கரையில் கடலோடு கலக்கின்றது. கழிமுகச் சேற்றில் தட்டும் நீர், வெளிப்பொருத்து இயந்திரம் பூட்டிய படகின் தொலைவோசை, காகம், விடியலில் குயில், தகரக் கூரைமீது விழும் மழை, அடுக்குமாடியின் மின்தூக்கி, சாலையில் ஓயாது செல்லும் மோட்டார் சைக்கிள் ஆகியன இந்நிலத்தின் கருப்பொருள் ஒலிகள். இவற்றுள் மழைக்குத் தனி இடமுண்டு. 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கைத் தாக்கிய புயல்மழையில் ஆற்றை ஒட்டிய தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. இப்பகுதி மக்களுக்குத் தகரக் கூரையில் மழை வலுக்கும் ஓசை உண்மையான அச்சம் தருவது. ஆயத்தத் தொகுப்பிலுள்ள எந்த இடியோசைக்கும் அத்தகைய நினைவுவலிமை இல்லை.

ஆகவே இசை தேர்தலுக்கு முன்னர் ஒலி திரட்டுதல் நிகழவேண்டும். படம்பிடிக்கும் இடத்திற்கு மாணவர் காலை, உச்சிப்பொழுது, இரவு என மூன்று வேளை சென்று, ஒவ்வொரு வேளையிலும் குறைந்தது 5 நிமிடம் எதுவும் பேசாது பதிவு செய்தல் நலம். யாரும் பேசாதபோதும் ஒவ்வோர் அறைக்கும் உரிய மெல்லிய ஓசை ஒன்று உண்டு. அதனைத் தனியே பதிவு செய்துகொள்ளாதோர் பின்னர்த் தொகுப்பு மேசையில் இடர்ப்படுவர்.

மலாய்த் திகில் படமும் இந்தியப் பங்களிப்பும்

இந்நிலத்துத் திகில் பட மரபு நமக்கு அயலானதன்று. சிங்கப்பூரில் இயங்கிய மலாய்ப் பட நிறுவனங்களின் பொற்காலத்தில் இயக்குநர் பலர் இந்தியாவிலிருந்து வந்தோராவர். கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் ‘பொந்தியானாக்’ (1957) படத்தை இயக்கியவர் கேரளத்தைச் சேர்ந்த பி. என். ராவ், நடித்தவர் மரியா மெனாடோ. அப்படத்தின் சுருள் இன்று கிடைக்கவில்லை. எனினும் அதன் வெற்றியே பொந்தியானாக் படவரிசை ஒன்றைத் தோற்றுவித்தது. சென்னையில் பிறந்து சிறு வயதில் பினாங்கிற்கு வந்த எல். கிருஷ்ணன் இயக்கிய ‘பக்தி’ (1950) படத்தில்தான் பி. ரம்லி கதைத்தலைவனாக முதன்முதல் நடித்தார்.

பி. ரம்லி 1929 மார்ச் 22 அன்று பிறந்த இல்லம், இன்று அவர் பெயராலேயே வழங்கும் பழைய கவுன்டர் ஹால் சாலையில் நினைவில்லமாகப் பேணப்படுகின்றது. சுங்கை பினாங் வட்டாரத்தார்க்கு அவர் அண்டை வீட்டார் எனலாம். இசையமைப்பாளர், பாடகர், நடிகர், இயக்குநர் எனப் பல துறையிலும் விளங்கிய அவர் 1958இல் ‘சும்பா ஓராங் மின்யாக்’ என்னும் படத்தை இயக்கி, அதன் முதன்மை வேடத்தையும் ஏற்றார். ஊராரால் எள்ளப்படும் கூனனாகிய கைவினைஞன் ஒருவன் எண்ணெய் மனிதனாக மாறும் கதை அது. இங்கு அச்சத்தின் வேர் இளிவரலிலும் அழுகையிலும் ஊன்றி நிற்பதைக் காண்கின்றோம். இம்மண்ணின் திகில் கதைகளில் பேய் பெரும்பாலும் தீங்கிழைக்கப்பட்ட ஓர் உயிரே. இசையைத் தேர்வோர் இதனை மறத்தல் ஆகாது.

பொந்தியானாக் பற்றிய மலாய் நாட்டுப்புற நம்பிக்கை ஒன்று ஒலியமைப்பாளர்க்கு அரிய பாடமாகும். அவளது அழுகுரல் உரக்கக் கேட்டால் அவள் தொலைவில் இருக்கின்றாள். மெலிந்து கேட்டால் அருகில் வந்துவிட்டாள் என்பது அந்நம்பிக்கை. இயற்கையின் விதியை இது தலைகீழாக்குகின்றது. முன்னோட்டம் செய்யும் மாணவர் பெரும்பாலும் அச்சம் கூடக் கூட ஒலியையும் கூட்டுகின்றனர். அச்சம் நெருங்க நெருங்க ஒலியைக் குறைப்பதே இம்மரபு காட்டும் வழி. தொலைவில் எதிரொலியோடு உரக்க ஒலித்த குரலை, எதிரொலி நீக்கி, மெல்லிதாக்கி, ஒரு செவிக்கு மட்டும் வைத்தால் கேட்போர் திரும்பிப் பார்ப்பர்.

முன்னோட்டம் என்னும் வடிவம்

உலகத் திகில் முன்னோட்டங்களுள் பெயர்பெற்றவை சிலவற்றை நோக்கினால் மூன்று உத்திகள் புலப்படுகின்றன. முதலாவது, சொல்லைக் குறைத்தல். ‘ஏலியன்’ (1979) படத்தின் முன்னோட்டத்தில் உரையாடலே இல்லை. திரும்பத் திரும்ப அலறும் ஓர் ஓசையே அதனை நடத்திச் செல்கின்றது. ‘தி ஷைனிங்’ (1980) படத்தின் முன்னோட்டம் மின்தூக்கியிலிருந்து குருதி பெருகும் ஒரே காட்சியையும், வெண்டி கார்லோஸ், ரேச்சல் எல்கைன்ட் ஆகியோரின் இசையையும் மட்டுமே கொண்டு முடிந்தது.

இரண்டாவது, முரண். ‘சைக்கோ’ (1960) படத்திற்கு இயக்குநர் ஹிட்ச்காக் தாமே தோன்றி அவ்வீட்டைச் சுற்றிக்காட்டும் ஏறத்தாழ ஆறரை நிமிட முன்னோட்டத்தை உருவாக்கினார். நகைச்சுவை இழையும் இசையோடு செல்லும் அது இறுதியில் அலறலோடு முடிகின்றது. நகையிலிருந்து அச்சத்திற்கு ஒரே கணத்தில் தாவுவதால் அவ்வலறல் கூர்மை பெறுகின்றது.

மூன்றாவது, அறிந்ததை அறியாததாக்கல். ‘அஸ்’ (2019) படத்தின் முன்னோட்டம் லூனிஸ் குழுவினர் 1995இல் வெளியிட்ட துள்ளல் பாட்டொன்றை மெதுவாக்கி, தனித்த நரம்பிசையாகப் பிரித்துப் பயன்படுத்தியது. ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973) படத்தோடு என்றும் இணைத்துப் பேசப்படும் இசை, மைக் ஓல்ட்ஃபீல்ட் தம் இசைத்தொகுப்புக்காகத் தனியே அமைத்தது, பேய்ப்படத்திற்கென அமைத்ததன்று. அச்சத்தின் இசை அச்ச இசையாகப் பிறக்கவேண்டிய தேவையில்லை என்பதற்கு இவை சான்று பகர்கின்றன. மாணவர்க்கு இம்மூன்றாம் உத்தியே செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததுமாகும்.

அடுக்கும் முறை

இனி நம் எடுத்துக்காட்டிற்கு வருவோம். ஆற்றோரத்தில் கைவிடப்பட்ட பலகை வீடு ஒன்று. இரவில் அங்குத் தாலாட்டை முணுமுணுக்கும் குரல் கேட்கின்றது. ஆனால் வீட்டில் யாருமில்லை. நம் மரபில் இத்தகைய உடலற்ற குரலுக்கு அசரீரி என்று பெயர். பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் ஷியோன், திரையில் மூலம் காட்டப்படாத குரலுக்குத் தனி ஆற்றல் உண்டென 1982இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மூலத்தைக் காட்டிய கணமே அவ்வாற்றல் குன்றும் என்பது அவர் கருத்து. எனவே முணுமுணுப்போரின் முகத்தை முன்னோட்டத்தில் காட்டுதல் கூடாது.

முதல் 15 நொடி: இசையே இல்லை. ஆற்றங்கரையின் பதிவு மட்டும் ஒலிக்கின்றது. படகு, காகம், தொலைவில் வாகனம். பார்ப்போர் இது தாம் அறிந்த இடம் என்று அமைதி கொள்வர்.

15 முதல் 35 நொடி வரை: ஒலிகள் ஒவ்வொன்றாக நீங்குகின்றன. முதலில் காகம், பின் வாகனம், பின் படகு. பார்ப்போர் எது குறைந்தது என்று அறியார். ஏதோ குறைந்தது என்று மட்டும் உணர்வர். இதுவே மருட்கை. நீங்கிய இடத்தில் ஆதார சுருதி ஒன்று மிக மெல்ல நுழைகின்றது. அதன்மேல், முதியவர் ஒருவரின் சொல்லில்லாத தாலாட்டு முணுமுணுப்பு. நீலாம்பரி தாலாட்டுக்கென நம்மவர் காலங்காலமாகக் கொண்ட இராகமாதலின் அதன் சாயலே போதும்.

35 முதல் 60 நொடி வரை: காட்சிகள் விரைகின்றன. இங்குத் துடிப்பொலி ஒன்று வேண்டும். ஆயத்த முரசொலிக்கு மாற்றாக, மின்தூக்கியின் இயந்திரமோ நீர் இறைக்கும் பொறியோ தரும் ஓசையைச் சிறு துண்டாக வெட்டித் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யலாம். இவ்வேளையில் முணுமுணுப்பை மாற்றாமல், ஆதார சுருதியை மட்டும் அரைச்சுரம் நகர்த்துதல் வேண்டும். தாலாட்டு அதே தாலாட்டுத்தான். நின்ற நிலம் மட்டும் பெயர்ந்துவிட்டது. இசையறிவு இல்லாதோரும் இவ்விலகலை உடனே உணர்வர்.

60 முதல் 75 நொடி வரை: எல்லா அடுக்குகளும் ஒன்றுசேர்ந்து ஏறுகின்றன. தகரக் கூரையின் மழை இங்கு நுழைந்து வலுக்கின்றது.

75 முதல் 80 நொடி வரை: முழு நிறுத்தம். ஆனால் ஒலித்தடத்தை வெறுமையாக விடுதல் தவறு. ஒலியே அற்ற வெறுமை, கருவி பழுதுற்றது என்னும் ஐயத்தையே தரும். முன்பு பதிவுசெய்த அறையின் மெல்லோசையை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

இறுதி 10 நொடி: எதிரொலியற்ற முணுமுணுப்பு, மிக மெல்லிதாக, மிக அருகில். படத்தின் பெயர் தோன்றுகின்றது. பின், தொடக்கத்தில் கேட்ட படகின் ஓசை மீள்கின்றது. அதே ஓசை இப்பொழுது அமைதியைத் தருவதில்லை.

செவியின் இயல்பும் இசைநூல் மரபும்

அடுக்குதலில் மாணவர் செய்யும் பெரும்பிழை, ஒரே அலைவெண் எல்லைக்குள் பல ஒலிகளைத் திணித்தல். அவை ஒன்றையொன்று மறைத்து, முடிவில் இரைச்சலாகின்றன. ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி இடம் வகுத்தல் வேண்டும். ஆதார ஒலிக்கு 100 ஹெர்ட்சுக்குக் கீழ், குரலுக்கு நடு எல்லை, கீச்சொலிக்கு அதற்கும் மேல் என்றவாறு பங்கிடலாம். மனிதச் செவி 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிக்கே மிகக் கூர்மையானது. அவ்வெல்லையை முணுமுணுப்புக்கென ஒதுக்கி, பிற அடுக்குகளை அங்குத் தாழ்த்திவைத்தால் குரல் மெலிந்தும் தெளிவாகக் கேட்கும். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி ஆழ்ந்த ஒலிகளை ஏறத்தாழ வெளியிடுவதே இல்லை. முன்னோட்டத்தைப் பலர் கைப்பேசியிலேயே காண்பர் ஆதலால், ஆதார ஒலியோடு அதன் மேல்நிலைச் சுரத்தையும் மெல்லச் சேர்த்துவைத்தல் இன்றியமையாதது.

ஒலி எதனால் அஞ்சச் செய்கின்றது என்பதையும் ஆய்வாளர் ஆராய்ந்துள்ளனர். டேனியல் புளூம்ஸ்டைன் குழுவினர் 2010இல் 102 திரைப்படங்களின் ஒலித்தடங்களை ஆராய்ந்து, திகில் காட்சிகளில் விலங்கின் அலறலை ஒத்த ஒழுங்கற்ற ஒலிகள் மிகுதல் கண்டனர். லூக் ஆர்னல் குழுவினர் 2015இல் மனித அலறலை ஆராய்ந்து, நொடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்கும் கரகரப்பே அதனைப் பிற ஒலியினின்று பிரிப்பது எனக் காட்டினர். கூச்சலைக் கூட்டாமலே ஒலியைக் கரகரப்பாக்கி அச்சமூட்டலாம் என்பது இதனால் பெறப்படும்.

நம் இசைநூல் மரபும் இவ்விடத்தில் துணைநிற்கின்றது. சிலப்பதிகார உரைமரபு நரம்புகளின் உறவை இணை, கிளை, நட்பு, பகை என வகுக்கின்றது. நின்ற நரம்பிற்கு மூன்றாவதும் ஆறாவதும் பகை என்பது அவ்வுரை. பகை நரம்பைத் தொடுதல் பாடலில் குற்றம். திகில் இசையில் அதுவே பயன். மிக நெருங்கிய இரு சுரங்களை ஒருங்கே ஒலித்தால் அவை மோதி அதிர்கின்றன. 220 ஹெர்ட்ஸ் ஒலியையும் 223 ஹெர்ட்ஸ் ஒலியையும் சேர்த்தால் நொடிக்கு 3 முறை ஒலி வீங்கி அடங்கும். முணுமுணுப்பின் படியொன்றை இவ்வளவு மட்டும் விலக்கி அடியில் வைத்தால், ஒரே குரலில் இருவர் பாடுவதுபோல் தோன்றும்.

யாருடைய ஒலி?

இனி இரண்டாம் வினா. தமிழ் மரபில் அச்சத்தின் களத்தை இசையால் நிரப்பிய முதன்மைச் சான்று காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம். பேய்கள் உலவும் ஈமப்புறங்காட்டைப் பாடும் அம்மையார், ஒரே பாடலில் ஏழிசைகளின் பெயர்களையும் கொக்கரை, தக்கை, தமருகம், குடமுழா, மொந்தை முதலிய கருவிகளையும் அடுக்குகின்றார். ஆனால் அக்கருவிகள் அங்கு அச்சத்தின் அடையாளங்களல்ல. இறைவனின் ஆடலுக்கு இயைபவை. சுடுகாடே இசையரங்காக மேன்மை பெறுகின்றது.

புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாடிய பாடலில் ஓர் இல்லத்தில் சாவுக்குரிய நெய்தற்பறையும் மற்றோர் இல்லத்தில் மணமுழவும் ஒருசேர ஒலிக்கின்றன. ஒரே தெருவில், ஒரே நேரத்தில் இரு ஒலிகள். தமிழில் ஒலியடுக்கிற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. பறை என்பது பண்டு எல்லா நிகழ்வுக்கும் உரிய பொதுச்சொல்லாய் இருந்ததையும் இப்பின்னணியில் நினைத்தல் வேண்டும். பிற்காலத்தில் அது சாவுக்குரியதாகச் சுருக்கப்பட்டது. அதனை முழக்கியோர்மீது இழிவும் சுமத்தப்பட்டது. அவ்விழிவைத் துடைக்கப் பறையிசைக் குழுக்கள் தமிழ்நாட்டில் பல்லாண்டுகளாக உழைத்து வருகின்றன. மலேசியாவிலோ உறுமிமேளம் தைப்பூசம் உள்ளிட்ட விழாக்களில் இளைஞர் பெருமையோடு ஏந்தும் கலை.

உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் முனகல் மனிதக் குரலை ஒத்தது. திகில் படத்திற்கு ஈர்ப்புடையது. அதனை விலக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. பேய் தோன்றும் கணத்திலெல்லாம் உறுமி ஒலித்தால், உறுமி என்றால் பேய் என்னும் பிணைப்பு இளம் பார்வையாளர் உள்ளத்தில் பதியும். பழைய இழிவு புதிய வடிவில் திரும்பும். அதே உறுமியைப் பேயைத் துரத்துவதாகவோ, துணைக்கு வரும் ஊராரின் ஒலியாகவோ, இறந்தோரை மதிப்போடு வழியனுப்புவதாகவோ அமைத்தால் அதன் ஆற்றலும் குன்றாது, அதனை இசைப்போரும் இழிவுறார். ஒலி எக்காட்சியோடு பிணைகின்றது என்பதே இங்குக் கருதவேண்டியது.

இவ்வளவுகோல் பிற சமூகத்தாரின் ஒலிக்கும் பொருந்தும். ஜார்ஜ் டவுனில் தொழுகைக்கான அழைப்பும், கோயில் மணியும், சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்கென அரங்கேறும் தெருக்கூத்தின் முழக்கமும் அடுத்தடுத்துக் கேட்பவை. ஓரினத்தாரின் வழிபாட்டொலியை மற்றோரினத்தார் தம் அச்சத்தின் அடையாளமாக்குவது நல்லிணக்கத்திற்கு ஊறு செய்வது. 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்கீழ் மலேசியாவில் சமய உணர்வு கருதப்படும் பொருள்களுள் ஒன்று என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். எனினும் சட்டத்திற்கு அஞ்சி விலகுவதினும், அண்டை வீட்டாரின் செவியால் ஒருமுறை கேட்டுப் பார்த்தல் சிறந்த வழி. முன்னோட்டத்தை வெளியிடுமுன் அப்பகுதியில் வாழும் வெவ்வேறு இனத்தார் சிலர்க்குப் போட்டுக் காட்டி அவர்தம் கருத்தைக் கேட்டறிவது நன்று.

உரிமை பற்றி ஒரு சொல்

ஒரு பாடலில் மூன்று உரிமைகள் அடங்கியுள்ளன: இசையமைப்பு, பாடல்வரி, ஒலிப்பதிவு. மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987இன்படி இசை, இலக்கியப் படைப்புகளின் உரிமை படைப்பாளர் வாழ்நாளும் அவர் மறைந்தபின் 50 ஆண்டும் நீடிக்கும். ஒன்றின் காலம் முடிந்தாலும் மற்றது எஞ்சியிருக்கலாம். பழைய மலாய்ப் பாட்டையோ தமிழ்த் திரைப்பாட்டையோ வெட்டி ஒட்டுவோர் இதனைக் கருதுவதில்லை. மரபான தாலாட்டைத் தம் பாட்டியார் முணுமுணுக்கப் பதிவு செய்வோர்க்கு இவ்விடர்ப்பாடு பெரிதும் இல்லை. எனினும் பாடியோரின் இசைவை எழுத்தில் பெறுதலும், படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயரைக் குறிப்பிடுதலும் கடமை. இசைவு பெறும்போது, அக்குரல் திகில் படத்தில் வரப்போகின்றது என்பதை மறையாது கூறுதல் வேண்டும்.

முடிவுரை

மாணவர் திகில் பட முன்னோட்டத்திற்கு இசை தேர்தல் என்பது மெய்ப்பாட்டு வரிசையை வகுத்தல், நிலத்தின் ஒலியைத் திரட்டுதல், அறிந்த ஓர் இசையைச் சிறிதே திரித்தல், அடுக்குகளுக்கு இடம் பங்கிடுதல், மௌனத்தைப் பேணுதல் என்னும் படிகளில் அமையும் என்பதை மேற்கண்டோம். அதனினும் இன்றியமையாதது, எந்த ஒலியை எக்காட்சியோடு பிணைக்கின்றோம் என்னும் பொறுப்புணர்வு. பார்வையாளர் கதையை மறந்தாலும் அப்பிணைப்பு அவர் உள்ளத்தில் நெடுநாள் தங்கும்.

தமிழாசிரியர்க்கு இங்கு ஒரு வாய்ப்பு உண்டு. மெய்ப்பாட்டியலும் கருப்பொருளும் தேர்வுக்குரிய பட்டியல்களாகவே பெரும்பாலான வகுப்பறைகளில் நின்றுவிடுகின்றன. மாணவரிடம் 90 நொடி ஒலித்தடம் ஒன்றை மட்டும், படமே இல்லாமல், உருவாக்கச் செய்யலாம். வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டு அதனைக் கேட்டு, எந்த நொடியில் மருட்கை அச்சமாயிற்று, அச்சம் நான்கு களன்களுள் எதனின்று பிறந்தது, அவ்வொலி எந்நிலத்திற்குரியது, அது யாருக்குச் சொந்தமானது என்று வினவலாம். இந்நான்கு வினாக்களுக்கும் விடை தேடும் மாணவர் தொல்காப்பியத்தைத் தம் செவியால் கற்றவராவர்.